கென்ய மிஷன் மருத்துவமனைக்கு மாணவத் தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு

கென்யாவின் மிஷன் மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டு மாணவர்கள் புதியவர்கள் அல்ல. 1915இல் தொடங்கிய கிஜாபே, 1922இல் கென்யா மலையின் கிழக்குச் சரிவில் எழுந்த சொகோரியா, 1937இல் பொமெட் பக்கம் வந்த டென்வெக் ஆகிய மூன்றும் இன்று உள்நாட்டு மருத்துவர்களையும் நர்ஸ்களையும் உருவாக்கும் பெரிய பயிற்சி மையங்கள். அங்கே வெளிநாட்டு மாணவர்கள் வருவதும் போவதுமாகவே இருப்பார்கள். உங்களுக்கு முன்னால் வந்தவருக்கு கையுறை எங்கே, லேப் எங்கே என்று காட்டிய அதே நர்ஸ்தான் உங்களுக்கும் காட்டப் போகிறார், நாளை வருகிறவருக்கும் காட்டுவார். நான்கு வாரமோ ஆறு வாரமோ தங்கப்போகும் மாணவர் தன்னால் அந்த நர்ஸின் தலையில் ஏறும் வேலையை எவ்வளவு சீக்கிரம் குறைக்கிறாரோ, அவ்வளவு சீக்கிரம் அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்வார். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான வழிகள்தான்.

இடமும் மாதமும்

எல்லா மிஷன் மருத்துவமனையும் ஒரே மாதிரி இருக்காது. நைரோபியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் கிஜாபே, குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குப் பேர் போனது. முதுகெலும்புப் பிளவு, தலையில் நீர்கோத்தல் என்று பிறந்த குழந்தைகளை நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இங்கே கொண்டுவருகிறார்கள். டென்வெக் இருக்கும் பொமெட் வட்டாரத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். வாத இதய நோயால் வால்வு கெட்ட இளைஞர்களும் இங்கே நிறைய வருவார்கள். விழுங்க முடியாமல் வருகிறவருக்கு உணவுக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழலைப் பொருத்துவதை வேறெங்கும் காண முடியாத அளவுக்கு இங்கே பார்க்கலாம்.

அறுவை சிகிச்சையில் ஆர்வம் உள்ள மாணவர்கள் இந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். இரண்டுமே ஆப்பிரிக்க அறுவை மருத்துவர்களை உருவாக்க 1996இல் தொடங்கிய பான் ஆப்பிரிக்கன் அகாடமி ஆஃப் கிறிஸ்டியன் சர்ஜன்ஸ் அமைப்பின் பயிற்சி இடங்கள். தியேட்டரில் கத்தியும் ஊசியும் முதலில் ரெசிடென்டுக்கு (மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்), பிறகு இன்டர்னுக்கு (படிப்பு முடித்த புது மருத்துவர்), பிறகு அந்த ஊர் கிளினிக்கல் ஆபீசர் (டிப்ளமோ படித்து நோயாளிகளைப் பார்ப்பவர்) மாணவருக்கு. கடைசியில்தான் நீங்கள். இந்த வரிசை நியாயமானது. நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்த ஊர் மக்களுக்குத் தையல் போடப்போகிறவர்கள் அவர்கள்தான்.

மாதம் தேர்வு செய்யும்போது மழையைப் பாருங்கள். பெருமழை மார்ச் முதல் மே வரை, சிறுமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை குறைவு, குளிர் அதிகம். பூமத்தியரேகை நாடு என்று நினைத்து மெல்லிய சட்டைகளோடு வந்து இறங்குபவர்கள், 2,000 மீட்டருக்கு மேலே உள்ள கிஜாபேயில் ஜூலை இரவில் நடுங்குவார்கள்.

காகித வேலை

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். மருத்துவமனை கேட்கும் காகிதங்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: கல்லூரி முதல்வரின் கடிதம், எந்த ஆண்டு படிக்கிறீர்கள் என்ற சான்று, தடுப்பூசிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, பாஸ்போர்ட் நகல், இரண்டு பேரின் பரிந்துரை. மிஷன் மருத்துவமனை என்பதால் பரிந்துரைகளில் ஒன்றைச் சபைப் போதகரிடமிருந்து கேட்பதும் உண்டு. நீங்கள் வேறு மதத்தவர் என்றால் அதை மறைக்காமல் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. வந்து இறங்கிய பிறகு தெரிய வந்தால்தான் இரு தரப்புக்கும் சங்கடம்.

கென்யா 2024 ஜனவரியில் விசாவை விட்டுவிட்டு இணையவழிப் பயண அனுமதி முறைக்கு மாறியது. விமானம் ஏறும் முன்பே அந்த அனுமதி கையில் இருக்க வேண்டும். ஆனால் அது நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டும்தான். மருத்துவமனையில் பயிற்சி பெறவும் தன்னார்வப் பணி செய்யவும் குடிவரவுத் துறையின் தனி பாஸ் தேவைப்படும். அது ஸ்பெஷல் பாஸா, மாணவர் பாஸா, யார் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மருத்துவமனை நிர்வாக அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'சுற்றுலா என்று சொல்லிவிட்டு வாருங்கள், இங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் சிக்கல் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை அழைத்த மருத்துவமனைக்கும்தான்.

காப்பீட்டில் ஒரு வரியை மட்டும் தேடிப் படியுங்கள்: விமானம் மூலம் நோயாளியை அப்புறப்படுத்தும் செலவு அதில் அடங்குமா? நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் ஃப்ளையிங் டாக்டர்ஸ்தான் இந்த வேலைக்கு நாடறிந்த பெயர்.

ஊசி, மாத்திரை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எல்லாரும் கென்யாவுக்குள் நுழைவதற்காக என்று நினைக்கிறார்கள். ஊர் திரும்பும்போதுதான் அது கட்டாயமாகிறது. கென்யாவிலிருந்து இந்தியாவில் இறங்குபவரிடம் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். இலங்கையும் அந்தச் சான்றைக் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும்; அதன்பின் ஆயுளுக்கும் போதும். மஞ்சள் அட்டையைப் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள்.

ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, 0, 1, 6 மாதங்களில். ஆறு மாதம் முன்பே தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றும் போட்டாயிற்று என்று நிறுத்திவிடாமல், கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பணு அளவைப் பாருங்கள். அது 10 mIU/mLக்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு. எதிர்ப்பு சக்தி இல்லாதவருக்கு ஒரே ஊசிக்குத்தில் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம்தான். மாணவர்கள் பயப்படுவது இரண்டாவதுக்கு, அசட்டையாக இருப்பது முதலாவதில்.

வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு இரண்டு ஊசி, 0ஆம் நாளும் 7ஆம் நாளும். போட்டுக்கொண்டு போனால், கடிபட்டாலும் நைரோபிக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பணு ஊசி தேடி ஓட வேண்டாம். காயத்தை 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவிவிட்டு 0, 3 நாட்களில் இரண்டு ஊக்க ஊசி போதும். டைபாய்டு, டெட்டனஸ், தட்டம்மை ஊசிகளும் முடிந்திருக்கட்டும். காசநோய்க்கான தோல் பரிசோதனையையோ ரத்தப் பரிசோதனையையோ புறப்படும் முன் ஒருமுறை செய்து எண்ணைக் குறித்துவையுங்கள். பிறகு ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

மலேரியா மாத்திரையில் மூன்று தேர்வு. அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில்: போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கித் தினமும் ஒன்று, திரும்பிய பின் 7 நாள். விலை அதிகம், தொல்லை குறைவு. சாப்பாட்டோடோ பாலோடோ எடுத்தால்தான் உடம்பில் சேரும். டாக்ஸிசைக்ளின் 100 மி.கி.: தினமும் ஒன்று, திரும்பிய பின்னும் நான்கு வாரம். இதை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கியவருக்கு மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கவே வலிக்கும். மேட்டுநில வெயிலில் தோலையும் பொசுக்கும். மெஃப்லோகுவின்: வாரம் ஒன்று, இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மனச்சோர்வோ வலிப்போ வந்த வரலாறு இருந்தால் இது வேண்டாம்.

மேட்டுநிலத்தில் மலேரியா இல்லை என்று உள்ளூரில் சொல்வார்கள். 2,500 மீட்டருக்குக் கீழே உள்ள எல்லா இடத்துக்கும் தடுப்பு மாத்திரை வேண்டும் என்பதே பயணிகளுக்கான பரிந்துரை. மருத்துவமனை உயரத்தில் இருக்கலாம், ஆனால் வார இறுதியில் நீங்கள் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமுவுக்கோ கடற்கரைக்கோ இறங்குவீர்கள்.

பெட்டியில் என்ன

தலையில் மாட்டும் டார்ச் முதலில். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் நீங்கள் ஊசி போட யாருடைய ரத்தக்குழாயையாவது தேடிக்கொண்டிருக்கலாம். நொடி முள் உள்ள கடிகாரம் ஒன்று. குழந்தைகளின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண செல்போன் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. உங்கள் கைக்கு ஏற்ற அளவில் கையுறை இரண்டு பெட்டி, கண்ணுக்குக் கவசம், என்95 முகக்கவசம் வாரத்துக்கு இரண்டு மூன்று என்ற கணக்கில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் விரல்நுனி ஆக்ஸிமீட்டர், அதற்கு மாற்று பேட்டரி. பைக்குள் அடங்கும் சிறு குறிப்பேடு. பேனா ஒரு டஜன், அவை கைமாறிக்கொண்டே இருக்கும். கென்யாவில் மின்சாரம் 240 வோல்ட், பிளக் மூன்று சதுரக் கால் உள்ள பிரிட்டிஷ் வகை.

ஆக்ஸிமீட்டரைப் பற்றி ஒரு சொல். 2,000 மீட்டர் உயரத்தில் நல்ல உடல்நலம் உள்ளவருக்கே 94, 95 என்றுதான் காட்டும். முதல் நாள் உங்கள் விரலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஆக்ஸிஜன் தொடங்கும் கோடு 90.

துணி: பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை அல்லது தளர்வான பேன்ட், ஆண்களுக்குக் காலர் சட்டை, இருவருக்கும் வெள்ளைக் கோட், விரல் தெரியாத தோல் ஷூ. ஸ்க்ரப்ஸ் என்ற அறுவை உடை தியேட்டருக்குள் மட்டும். அதோடு கடைத்தெருவுக்குப் போனால் முகம் சுளிப்பார்கள். ஒரு கனமான ஸ்வெட்டர், மழைக்கோட்டு. துணிகளைப் பிளாஸ்டிக் கேரி பைகளில் சுற்றிக் கொண்டுவராதீர்கள்: 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் அவை தடை, விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துவிடுவார்கள்.

நல்லெண்ணத்தில் மூட்டையாக மருந்து கொண்டுவருபவர்கள் உண்டு. வேண்டாம். மருந்தை இறக்குமதி செய்ய பார்மசி அண்ட் பாய்சன்ஸ் போர்டின் அனுமதி வேண்டும். சேரும்போது இன்னும் ஓராண்டாவது காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் நன்கொடை விதி. பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளும் லேபிள் கிழிந்த புட்டிகளும் கடைசியில் அங்குள்ள மருந்தாளுநர் எரிக்க வேண்டிய குப்பையாகத்தான் ஆகும். ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனசு துடித்தால், புறப்படும் முன் வார்டு நர்ஸ் பொறுப்பாளருக்கு எழுதி என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னச் சின்னப் பொருட்களாகத்தான் இருக்கும்: சிறு குழந்தைகளுக்கான ரத்த அழுத்தப் பட்டை, தெர்மாமீட்டர், கைக்குழந்தைக்கான தொப்பி.

போய்ச் சேருதல்

நைரோபியில் இரவு இறங்கினால் அங்கேயே தங்கிவிடுங்கள். அங்கே உங்களுக்குள்ள பெரிய ஆபத்து கிருமியல்ல, சாலை. நைரோபியிலிருந்து பிளவுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் மாய் மஹியூ சரிவில் லாரிகளும் பனிமூட்டமும் சேர்ந்து வரும் நேரத்தில் மட்டாட்டு என்ற பயணிகள் வேனில் போகவே கூடாது. பொமெட்டுக்கு நரோக் வழியாக நான்கைந்து மணி நேரம். காலையில் புறப்பட்டு வெளிச்சத்திலேயே சேர்ந்துவிடுங்கள். மருத்துவமனை வண்டி அனுப்புவதாகச் சொன்னால் அதற்கான தொகையைக் கொடுத்துவிட்டு அதிலேயே போங்கள். போடா போடா என்ற வாடகை பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் ஏறியவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதை கேஷுவாலிட்டியில் ஒரு வாரம் நின்றால் நீங்களே பார்ப்பீர்கள்.

விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கி, எம்-பெசாவையும் பதிந்துகொள்ளுங்கள். 2007இல் தொடங்கிய இந்த செல்போன் பணம் இல்லாமல் தக்காளி வாங்கவும் கஷ்டம், விருந்தினர் இல்லக் கட்டணம் கட்டவும் கஷ்டம். ஆனாலும் 50, 100, 200 ஷில்லிங் நோட்டுகள் கொஞ்சம் கையில் இருக்கட்டும். 1,000 ஷில்லிங் நோட்டை சின்ன டுக்காவில் (கடையில்) நீட்டினால் சில்லறை இருக்காது.

தண்ணீர் கொதிக்க வைப்பதில் ஒரு மாற்றம்: 2,000 மீட்டரில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஒரு நிமிடம் போதாது, தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்கட்டும்.

முதல் வாரம் வார்டில்

முதல் நாள் ரவுண்ட்ஸில், அதாவது மருத்துவர்கள் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும்போது, எதுவும் சொல்லத் தேவையில்லை. யார் யார் என்று பாருங்கள். கன்சல்டன்ட், ரெசிடென்ட், இன்டர்ன் போக, கிளினிக்கல் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். மூன்றாண்டு டிப்ளமோ படித்து, பிறகு இன்டர்ன்ஷிப்பும் முடித்து, நாட்டின் புறநோயாளிகளில் பெரும்பங்கைப் பார்ப்பவர். மருத்துவப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவர் அவருக்கு மேலே என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் வாரத்தில் நடக்கும் பெரிய பிழை. மலேரியாவும் நிமோனியாவும் சேர்ந்து வந்த குழந்தையை அவர் பார்த்திருக்கும் அளவுக்கு நீங்கள் படித்திருக்கக்கூட மாட்டீர்கள். அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் நர்ஸ் பொறுப்பாளரிடம் பத்து நிமிடம் கேளுங்கள்: கையுறை எங்கே, காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் எத்தனை, சர்க்கரை பார்க்கும் கருவி எந்த அலமாரியில், லேப் மாதிரியை எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும், இரவில் எக்ஸ்ரேக்கு யாரைக் கூப்பிட வேண்டும், ஊசி குத்தினால் மருந்து எங்கே. ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டால் அடுத்த ஐந்து வாரம் யாரையும் இழுத்து நிறுத்தி இவற்றைக் கேட்க வேண்டியிருக்காது. பத்து மணி சாய் நேரத்தில் எல்லாரும் பாலும் சர்க்கரையும் தூக்கலான தேநீர் குடிப்பார்கள். அப்போது நோட்டை விரித்துக்கொண்டு தனியாக உட்காராதீர்கள். வார்டில் உங்களுக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் அந்த மேசையில்தான்.

உங்கள் கையில் உள்ள உண்மையான வேலை சின்னது, ஆனால் பயனுள்ளது. காலை ரவுண்ட்ஸுக்கு முன் வந்து நான்கு நோயாளிகளின் வெப்பம், மூச்சு, இரவு சிறுநீர் அளவு, நேற்றைய லேப் முடிவு இவற்றைச் சேர்த்து வையுங்கள். மாதிரியை லேப்புக்கு எடுத்துப் போங்கள். எக்ஸ்ரேயைத் தேடிக் கொண்டுவாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் மேற்கைச் சுற்றளவை அளந்து எழுதுங்கள், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, உடனே சொல்லுங்கள். கூட்டம் அதிகமான நாளில் விட்டுப்போவது இந்த அளவுதான். அதை ஒருவர் விடாமல் எடுத்தாலே அந்த வார்டுக்குப் பெரிய உதவி.

வேலை செய்யச் சொல்லும் அழைப்பு வரும். 'இதை நீயே போடு, நான் பக்கத்து அறையில் இருக்கிறேன்' என்று ஓர் இன்டர்ன் நல்ல மனசோடு சொல்வார். உங்கள் கல்லூரியில் மேற்பார்வை இல்லாமல் செய்ய விடாத எதையும் இங்கேயும் செய்யாதீர்கள். 'நீங்கள் பக்கத்தில் நின்றால் செய்கிறேன்' என்ற ஒரே வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள். நோயாளிகள் உங்களை டாக்தாரி என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்து முழு நம்பிக்கையோடு கையை நீட்டுவார்கள். 'மிமி நி ம்வனாஃபுன்சி', நான் மாணவன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பாடப்புத்தகத்தை வைத்துத் திருத்தப் போவதும் அடிக்கடி நடக்கும். ஓர் உதாரணம் போதும். காய்ச்சலோடு கை கால் சில்லிட்டு, ரத்த ஓட்டம் குறைந்து வரும் குழந்தைக்கு வேகமாக சலைன் ஏற்ற வேண்டும் என்று படித்திருப்பீர்கள். 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகள். வேகமாக சலைன் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 10.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 7.3. கென்யாவின் குழந்தை மருத்துவ வழிமுறை சலைனில் கை இறுக்கமாக இருப்பதற்கு இப்படி ஒரு காரணம் உண்டு. 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்' என்று கற்றுக்கொள்ளும் தொனியில் கேளுங்கள், பதில் பெரும்பாலும் இருக்கும்.

கேட்கும் சோதனைகளும் அப்படித்தான். மிஷன் மருத்துவமனையில் ஒவ்வொரு லேப் சீட்டும் குடும்பத்தின் பில்லில் ஏறும். 2024 அக்டோபரில் பழைய தேசிய மருத்துவக் காப்பீட்டு நிதியின் இடத்துக்குச் சமூக சுகாதார ஆணையம் வந்தது; பதிந்து சந்தா கட்டாதவர்கள் சொந்தக் கையிலிருந்துதான் கட்டுகிறார்கள். பசுவை விற்று வந்திருக்கும் மனிதருக்கு, சிகிச்சையை மாற்றாத ஒரு சோதனையை எழுதக் கூடாது. முடிவு இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் சீட்டை எழுத வேண்டாம்.

பேச்சும் நேரமும்

ஸ்வாஹிலி நூறு சொல் தெரிந்தால் வார்டு திறந்துகொள்ளும். 'உனாஉம்வா வாப்பி', எங்கே வலிக்கிறது. 'தங்கு லினி', எப்போதிலிருந்து. கிகோஹோசி இருமல், குஹாரா வயிற்றுப்போக்கு, குதாபிகா வாந்தி, தாமு ரத்தம், புமுவா மூச்சு விடு. ஹோமா என்று சொன்னால் காய்ச்சலாகவும் இருக்கலாம், வெறும் சளியாகவும் இருக்கலாம். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வலியில் இருப்பவரைப் பார்த்ததும் 'போலே' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நேரே கேள்விக்குப் போனால் முரட்டுத்தனமாகத் தெரியும். டென்வெக்கில் பெரியவர்களுக்குக் கிப்சிகிஸ் மொழிதான் வரும்: வணக்கத்துக்கு 'சாம்கேய்', நன்றிக்கு 'கோங்கோய்'. மாசாய் குழந்தைகள் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார்கள். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துத் தொடுவதுதான் பதில் வணக்கம்.

இதில் உயிரோடு விளையாடக்கூடியது நேரக் கணக்கு. ஸ்வாஹிலியில் நாள் விடியலில் தொடங்கும். காலை 7 மணி 'சா மோஜா', அதாவது முதல் மணி. 8 மணி 'சா ம்பிலி'. பிரசவ வலி எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு ஒரு தாய் 'சா நானே உசிகு' என்றால், எட்டு மணி இரவு என்று எழுதிவிடுவீர்கள். அவர் சொன்னது இரவு 2 மணி. ஆறு மணி நேரம் தவறிப்போனால் பிரசவம் எவ்வளவு முன்னேறியது என்று குறிக்கும் பார்ட்டோகிராம் வரைபடமே தவறு, தேவையில்லாத சிசேரியன் வரைக்கும் அது போகும். கேட்ட எண்ணோடு ஆறைக் கூட்டுங்கள், 12ஐத் தாண்டினால் 12ஐக் கழியுங்கள், பிறகு 'கோழி கூவுவதற்கு முன்பா பின்பா' என்று ஒருமுறை உறுதிசெய்யுங்கள். மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லும்போதும் இதே கவனம்.

வார்டில் எச்.ஐ.வி. என்ற சொல்லை உரக்கச் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை தூரம்தான், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அதே ஊர்க்காரர். கேஸ் ஷீட்டில் ஆர்.வி.டி. (ரெட்ரோவைரஸ் நோய் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதுவார்கள், ரவுண்ட்ஸிலும் அப்படியே சொல்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஊசி குத்திவிட்டால்

பிதுக்காதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் வைத்துக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்த நீரால் அலசுங்கள். வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள், அந்த நிமிடமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி தாண்டினால் பயன் இல்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரு மாத்திரை, தினமும் ஒன்று, 28 நாள் முழுவதும். குமட்டலால் பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அந்த ஊசி எந்த நோயாளிக்குப் பயன்பட்டதோ அவரிடம் ரத்தம் பரிசோதிக்க ஒப்புதல் கேளுங்கள், உங்கள் ரத்தத்தையும் அன்றே கொடுத்துவையுங்கள். ஞாயிறு இரவில் அந்த மருந்து எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்பதை இரண்டாம் நாளே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

குத்துவது பெரும்பாலும் மூடியைத் திருப்பி மாட்டும்போதும், வேறொருவர் விட்டுப்போன தட்டைத் துப்புரவு செய்யும்போதும். பயன்படுத்திய ஊசியைப் பயன்படுத்தியவரே பெட்டியில் போட வேண்டும். முக்கால்வாசி நிறைந்த பெட்டியில் திணிக்காதீர்கள்.

பணம், படம், ஜெபம்

பில் கட்ட முடியாமல் தங்கிப்போன நோயாளியைப் பார்த்துப் பையில் கைவிடத் தோன்றும். கொடுக்கும் விதம் முக்கியம். நீங்கள் ஒரு கட்டிலுக்குக் கொடுத்தது மாலைக்குள் வார்டு முழுக்கத் தெரியும். மறுநாளிலிருந்து உங்களைப் பார்க்கும் கண் மாறிவிடும், உங்களுக்கு அடுத்து வரும் மாணவரிடமும் கேட்பார்கள். ஏழை நோயாளிகளுக்கான நிதி பெரும்பாலான மிஷன் மருத்துவமனைகளில் இருக்கிறது, அதை நடத்தும் சமூகப் பணியாளருக்கு யாருக்கு உண்மையில் தேவை என்று தெரியும். அங்கே கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.

நோயாளியின் படம் எடுக்காதீர்கள். 2019இன் கென்யத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் தரவாக வகுக்கிறது. சட்டத்தை விடுங்கள், வயிறு உப்பிய குழந்தையின் தாய் 'வேண்டாம்' என்று உங்களிடம் சொல்லும் நிலையில் இல்லை. பாடத்துக்குப் படம் வேண்டுமென்றால் மருத்துவமனையின் ஒப்புதல் படிவம் உண்டு, அதை அவர் மொழியில் வாசித்துக்காட்டுபவரும் உண்டு.

காலையில் பிரார்த்தனைக் கூட்டம், அறுவைக்கு முன் ஒரு சிறு ஜெபம், ஞாயிறு ஆராதனை. வேறு மதத்தவர்கள் கண்ணை மூடி அமைதியாக நின்றால் போதும், யாரும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் காலைக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்: இரவில் இறந்தவர் யார், எந்த மருந்து தீர்ந்துவிட்டது, இன்று யார் விடுப்பு என்ற அறிவிப்புகளும் அங்கேதான் வரும்.

இறப்பு நிறைய பார்ப்பீர்கள், அதுவும் குழந்தைகளின் இறப்பு. அழுகை ஓங்கி எழும், நர்ஸ் பாட ஆரம்பிப்பார், அரை மணியில் அந்தக் கட்டிலுக்கு அடுத்த குழந்தை வந்துவிடும். மரத்துப்போய்விட்டார்கள் என்று அவர்களைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். மாலையில் உங்கள் மேற்பார்வையாளரிடமோ, கூடத் தங்கும் மாணவரிடமோ நோயாளியின் பெயர் சொல்லாமல் பேசிவிடுங்கள். தூக்கம் மூன்று இரவுக்கு மேல் கெட்டால் வெளிப்படையாகச் சொல்லி ஒரு நாள் ஓய்வு கேளுங்கள், கொடுப்பார்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்குச் சிரமம் குறைவு. சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கிதேரி, பச்சைப்பயறில் செய்யும் ந்தெங்கு, சுகுமா கீரை, சப்பாத்தி, உகாலி எல்லாம் தினசரி உணவு. 'இறைச்சி வேண்டாம்' என்றால் குழம்பு மட்டும் ஊற்றித் தருவார்கள், அதுவும் இறைச்சிக் குழம்பு. முன்கூட்டியே சமையல்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மசாலாப் பொருட்கள் நைரோபியின் பார்க்லாண்ட்ஸ் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும். வீட்டுக்கு அழைத்து முர்சிக் என்ற புளித்த பாலை நீட்டினால் ஒரு வாய் குடியுங்கள், மறுப்பது மரியாதையல்ல.

கிளம்பும் முன்னும் பின்னும்

கடைசி வாரத்தில் உங்கள் நோயாளிகளை ஒவ்வொருவராக இன்டர்னிடம் வாயாலும் எழுத்தாலும் ஒப்படையுங்கள். இரண்டாம் நாள் எழுதிய அந்தப் பக்கத்தைச் சுத்தமாகப் படியெடுத்து நர்ஸ் பொறுப்பாளரிடம் கொடுங்கள், அடுத்த மாணவருக்கு உதவும். மிச்சமுள்ள கையுறையும் டார்ச்சும் வார்டுக்கு. 'மறுபடி வருவேன்' என்று உறுதியில்லாமல் சொல்லாதீர்கள், சொன்னதை நினைவில் வைத்திருப்பார்கள்.

மலேரியா மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்திவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்லோகுவினும் நான்கு வாரம், அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் ஏழு நாள், தவறாமல் முடியுங்கள். விக்டோரியா ஏரியில் இறங்கிக் குளித்திருந்தால் சிஸ்டோசோமா நத்தைக்காய்ச்சலுக்கு மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை. காசநோய்ப் பரிசோதனையைத் திரும்பிய எட்டு முதல் பத்து வாரத்தில் மறுபடி செய்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அடுத்த ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், பார்க்கும் மருத்துவர் கேட்கும் முன்பே 'கென்யாவில் இருந்தேன்' என்று சொல்லி, மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையை அன்றே எடுத்துவிடுங்கள்.